குளிர்க்கடலுக்குப் பெட்டி கட்டும்போது

நான் படித்த விழுப்புரம் கேட்டரிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்தது. இந்த ஆண்டு படித்து முடித்தவர்களில் நான்கு பேருக்குக் குளிர்க்கடலில் ஓடும் சுற்றுலாக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறதாம். "அண்ணா, நீங்க ஆறு கான்ட்ராக்ட் போய்க்கினு வந்தவரு. என்னென்னா எடுத்துக்கினு போவணும்னு லிஸ்ட் மட்டும் போடுங்கண்ணா."

லிஸ்ட் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உடம்போடு ஒட்டிக் கிடக்க மெல்லிய கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி. அதற்கு மேல் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், பேண்ட். கம்பளிச் சாக்ஸ் ஆறு ஜோடி, க்ளவுஸ் மூன்று ஜோடி, ஒன்று எப்போதும் காய்ந்து கிடக்க வேண்டும். காதை மூடும் குல்லா. பருத்தியில் எதுவும் வேண்டாம், ஜட்டிகூட. இப்படி எழுதி அனுப்பினேன். கும்பிடும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவன் மட்டும் திரும்பக் கேட்டான். "அண்ணா, கம்பெனியே புதுசா தர்றாங்களாமே. அத்த பிரிக்காம அப்டியே வூட்டுக்கு எடுத்தாந்துடலாமா? வேலைக்கி நாம பழசு போட்டுக்கினா போதாதா?"

அதற்குப் பதில் போடக் கை வரவில்லை. இதே கேள்வியைக் கப்பலில் என்னிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பெயர் செல்வம். அவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அவர் கடைசியாகப் படகேறிய அன்று, உடுப்பைச் சோதித்தாகிவிட்டது என்று தாளில் டிக் போட்டவன் நான். நான் சோதிக்கவில்லை.

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலைப் பொறுத்தவரை நான் அதுதான். இனி எந்தக் கப்பலும் என்னைக் கூப்பிடாது. ஆகவே வேலையிலிருந்து விலகியவர்கள் எழுதுவதைப் போல நானும் எழுதிப் பார்க்கிறேன்.

மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாவது முடித்து, இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு வருடம், புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் மூன்று வருடம், சென்னையில் பாதுகாப்புப் பயிற்சி சில நாள். அவ்வளவுதான் என் படிப்பு. இன்ஸ்டிட்யூட்டில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர் செல்வம் அண்ணன். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் முன்பே கப்பலுக்குப் போயிருந்தார். ஏஜெண்டிடம் என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். வேலை உத்தரவு வந்தபோது அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றுதான் பிடிபட்டது, குளிர்.

"ஆறு பனியன் வாங்கியாந்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்க. குளுரு எந்த வழியா பூரும், பாத்துடலாம்" என்றாள்.

விழுப்புரம் கடைத்தெருவில் ஆறு பனியன், இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கினேன். அந்தப் பெட்டியோடுதான் அலாஸ்காக் கரையில் கப்பலேறினேன்.

எனக்குக் கிடைத்த இடம் கியர் ரூம். பயணிகள் சின்ன ரப்பர் படகுகளில் ஏறிப் பனிப்பாறைகளைப் பார்க்கப் போவார்கள். அவர்களுக்கு மழை உடுப்பு, பூட்ஸ், லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் கழுவிக் காயவைப்பது எங்கள் வேலை. சூப்பர்வைசர் ரமோன், பிலிப்பைன்ஸ்காரர். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

முதல் நாள் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பனியன்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து என்னிடம் கொடுத்தார். "போட்டுக்கொள். மேலே ஜாக்கெட் போட்டு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வா." நின்றேன். திரும்பி வந்தபோது பல் தந்தியடித்தது. உடம்பு சூடான பிறகு ஒரு கம்பளி உள்ளாடையை அதே போல முக்கிப் பிழிந்து கொடுத்தார். திரும்பவும் பத்து நிமிடம். இந்தத் தடவை நடுக்கம் இல்லை.

"இரண்டும் ஈரம்தான். எது உன்னைக் கைவிட்டது?" என்று கேட்டார்.

பிறகு என் பின்னால் வந்து, சட்டைக் காலருக்குள் இரண்டு விரலை விட்டுக் கழுத்தைத் தொட்டார். நான் வெடுக்கென்று விலகினேன். எங்கள் ஊரில் ஒருவன் கழுத்தில் இன்னொருவன் கை வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம், வெளியே போ. ஒரு களத்துமேட்டில் என் அப்பாவின் கழுத்தில் அப்படி ஒரு கை விழுந்ததை ஏழு வயதில் பார்த்தவன் நான். ரமோன் காரணம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து, யாராக இருந்தாலும், முதலில் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார். பயணியிடமும் கேட்டார், படகோட்டியிடமும் கேட்டார், ஒருமுறை கேப்டனிடமும் கேட்டார்.

கியர் ரூம் கதவைத் தாண்டிப் படகுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் சோதனை உண்டு. கழுத்துக்குப் பின்னால் இரண்டு விரல். ஈரம் தட்டினால் உள்ளே போய் மாற்ற வேண்டும். க்ளவுஸ் கைப்பட்டைக்கு உள்ளே போயிருக்க வேண்டும், வெளியே இருந்தால் மழை உள்ளே வடியும். ஜாக்கெட் ஜிப் மோவாய் வரை. எல்லாம் சரியாக இருந்தால் தாளில் பெயருக்கு நேரே டிக். தொட விடாதவர் படகேற முடியாது. நாற்பது வருடம் மலையேறியவன் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெரிய உருவம், பருத்திச் சட்டையோடு வந்து நின்று சண்டை போட்டது. ரமோன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படகு அவரை விட்டுவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை அவரே முதல் ஆளாக வந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

படகு போன பிறகும் வேலை முடியாது. அரை மணிக்கு ஒருமுறை ரேடியோவில் கூப்பிட்டு, படகு எண்ணையும் ஆள் கணக்கையும் ஓட்டுபவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். "குளிர் ஏறியவனிடம் நலமா என்று கேட்காதே. நலம் என்றுதான் சொல்வான். எண்ணைக் கேள். எண்ணில் தடுமாறினால் உடனே திருப்பிக் கூப்பிடு" என்பார் ரமோன்.

செல்வம் அண்ணன் படகோட்டி. என் நான்காவது கான்ட்ராக்டில்தான் இருவரும் ஒரே கப்பலில் சேர்ந்தோம். ரமோனுக்கு அவர் வைத்த பெயர் கழுத்து டாக்டர். "என்னாடா, டாக்டரு ரவுண்ட்ஸ் முடிச்சிட்டாரா? எனுக்கு மருந்து மாத்திரை ஏதாச்சும் எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். ரமோன் நிற்கும் நாளில் அடக்கமாகக் கழுத்தைக் குனிவார். ரமோன் அகன்றதும் என் தலையில் ஒரு தட்டு.

கான்ட்ராக்டுக்கு இரண்டு ஜோடி கம்பளி உள்ளாடை கம்பெனி கொடுக்கும். சாம்பல் நிறம். பூனைக்குட்டியைத் தொடுவது போல இருக்கும். அண்ணன் கவரைப் பிரிக்கவே இல்லை. ரமோன் சோதிக்கும் நாளில் சிக்காமலிருக்கப் போன வருடத்துப் பழசு ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்து கிழிந்த பிறகு, ரமோன் கதவில் இல்லாத நாட்களில் இரண்டு பருத்தி டீ-ஷர்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதை நான் பார்த்தேன்.

"புதுசு இருக்கே, அத்தப் போட்டுக்கினா என்னாண்ணா?"

"வேலைக்கி எவனாச்சும் புதுசு போடுவானாடா? மழைத்தண்ணில போட்டு நாறடிக்கறதுக்கா இது? அப்பாவுக்கு மார்கழி பொறந்தா நெஞ்சு கட்டிக்கும், டேவிட்டு. குந்திக்கினே தூங்குவாரு. இத்தப் போட்டுக்கினா கம்முனு படுப்பாரு. அப்டியே எடுத்துக்கினு போயி அவருகிட்ட குடுத்துட்டா, நாம பழசு போட்டுக்கினா போதாதா?"

நான் சிரித்தேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் நல்ல சட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கும், பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் வெளியே வரும். வேலைக்குப் போகிறவன் இருப்பதிலேயே கிழிந்ததைத்தான் போடுவான். என் கண்ணுக்கு முன்னால் ஒருவர் அப்படியே செய்தபோது, இது களத்துமேடு இல்லை, இங்கே வேலைக்குத்தான் நல்லது வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். பாடம் படித்தவன் நான். ஈரப் பனியனோடு பத்து நிமிடம் நின்றவன் நான்.

அன்று விடிந்ததிலிருந்தே மழை, சாய்ந்து அடித்தது. வெப்பமானி நாலு டிகிரியைக் காட்டியது. மாற்றுப் படகோட்டிக்குக் காய்ச்சல். காலையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு வந்த அண்ணனே அடுத்த சுற்றும் போக வேண்டியதாயிற்று. நடுவில் பத்து நிமிடம் கிடைத்தது. கையில் டீயோடு கதவருகே நின்றார். உதடு வெளுத்திருந்தது. ரமோன் உள்ளே ஸ்டோரில் பூட்ஸ் எண்ணிக்கொண்டிருந்தார். கதவில் நான் மட்டும். பன்னிரண்டு பயணிகளைத் "தொடலாமா" என்று கேட்டுக் கேட்டுச் சோதித்து முடித்தேன். கடைசியாக அண்ணன்.

"அண்ணா, கழுத்து..."

"போடா டேய். நான் என்னா கெஸ்ட்டா? கழுத்தப் புடிக்க வந்துட்டான் பெரிய மனுசன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், வயதில் மூத்தவர், எங்கள் பக்கத்து ஆள். அவர் கழுத்தில் என் கை போகவில்லை. பேனாதான் போயிற்று. டிக்.

அரை மணி கழித்துக் கூப்பிட்டபோது எண்ணையும் ஆளையும் சரியாகச் சொன்னார், கொஞ்சம் நிதானமாக. மழைச் சத்தத்தில் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது முறை, "நாலாம் படகு, எத்தனை பேர்?" என்று இங்கிலீஷில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது.

"டேவிட்டு, மல்லாட்டை எல்லாம் நனையுதுடா. சாக்க எடுத்தாந்து மூடு. ஜல்தி."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. ரேடியோவில் தமிழ் பேசக்கூடாது. ஆனால் ரமோன் பக்கத்தில் இல்லாதபோது நாங்கள் இரண்டு வார்த்தை கேலி பேசிக்கொள்வது உண்டு. நானும் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். "மூடிட்டண்ணா, நீங்க வந்து பாருங்க." பிறகு நோட்டில் எழுதினேன், நாலாம் படகு, பன்னிரண்டு. அவர் சொல்லாத எண்ணை, எனக்குத் தெரிந்த எண் என்பதால், நானே எழுதினேன்.

பத்து நிமிடம் கழித்து ரமோன் ஸ்டோரிலிருந்து வந்தார். கண்ணாடியை மாட்டி நோட்டைப் பார்த்தார்.

"நாலாம் படகு பன்னிரண்டு என்றதா?"

"ஆமாம்."

"அவன் வாயால் சொன்னானா?"

அவர் என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். அவர் எதையும் பிடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் பொத்தானை அழுத்துவதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது.

பயணிகள் பிறகு சொன்னார்கள். அண்ணன் கொஞ்ச நேரமாகவே தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம். நடுக்கம் நின்றிருந்ததால் நன்றாக இருக்கிறார் என்று நினைத்தார்களாம். குளிர் முற்றினால் உடம்பு எரிவது போலத் தோன்றுமாம். திடீரென்று வேர்க்கிறவரைப் போல லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார், ஜிப்பை இறக்கினார், எழுந்து நின்றார். படகு ஒரு பக்கம் சாய்ந்ததில் தண்ணீரில் விழுந்தார். பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர். பக்கத்துப் படகு வந்து தூக்குவதற்குச் சில நிமிடம்தான் ஆனது. கப்பல் டாக்டர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் அழுத்துவதை நிறுத்தினார்.

கப்பலில் இறந்தவரின் சாமான்களை இருவர் சேர்ந்து கட்ட வேண்டும். ஒருவர் எடுத்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். நான் எடுத்தேன், ரமோன் எழுதினார். ஜீன்ஸ் மூன்று. செருப்பு ஒன்று. முருகர் படம் ஒன்று. பெட்டியின் அடியில் சாம்பல் நிறக் கவர் இரண்டு, பிரிக்காதது. இரண்டின் மேலும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

"அப்பா."

ரமோன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன். டிக்கைச் சொன்னேன், பன்னிரண்டைச் சொன்னேன், உள்ளாடை விஷயம் முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேறொரு தாளை எடுத்து வைத்தார்.

"நீ சொன்னபடியே எழுது. நான் கதவில் இல்லை, ஸ்டோரில் இருந்தேன் என்பதையும் எழுது. அதை விட்டுவிடாதே."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரித்தார்கள், வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். அதில் இரண்டு கான்ட்ராக்ட் பயணிகள் பக்கமே வராத சலவை அறையில் கழிந்தன. அதற்குப் பிறகு, உங்கள் சேவைக்கு நன்றி என்று ஒரு கடிதம். ரமோனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போன அறிக்கையில் என் தாள் இல்லை. கம்பெனி கொடுத்த பாதுகாப்பு உடுப்பை அணியாமல் வேலை பார்த்ததால் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த வரியும் பெட்டியும் ஒன்றாக ஊர் போய்ச் சேர்ந்தன.

ஒவ்வொரு விடுமுறையிலும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. கடைசியாக வேலையும் போன பிறகு, போன வருடம் ஐப்பசியில், விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. அண்ணனின் அப்பா ஏழுமலையைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டையைக் குவித்துக்கொண்டிருந்தார். உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, முக்காடு மாதிரி தலையில் மாட்டியிருந்தார். என்னை யாரென்று பார்க்கக்கூட இல்லை.

"யாருப்பா அது, நின்னுக்கினு கீற? மல்லாட்டை எல்லாம் நனையுதுடா. சாக்க எடுத்தாந்து மூடு, ஜல்தி!"

ஓடிப்போய்ச் சாக்கை எடுத்தேன். இருவரும் சேர்ந்து மூடி, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்தோம்.

உள்ளே போனதும் இன்னார் என்று சொன்னேன். ஒற்றை அறை. மனைவி இல்லை, மகள் பக்கத்துத் தெருவில். மாலை போட்ட படத்துக்குக் கீழே, பலகையில், அந்த இரண்டு கவரும் பிரிக்காமல் இருந்தன. மேலே குங்குமம் வைத்திருந்தது. அவர் இருமினார். இருமி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"பாத்தியா தம்பி? இந்த இருமலுதான் எம்புள்ளைய முழுங்கிச்சி. ஊருல அப்டித்தான் சொல்றாங்க, குடுத்த துணியப் போடாம செத்தான்னு. எனக்குன்னு எடுத்து வெச்சாம் பாரு. நான் கேட்டனா?"

"அவரு உடுப்ப நான் பாத்து அனுப்பியிருக்கணும் பெரிப்பா. அதான் என் வேலையே. கழுத்துல கைய வுட்டு ஈரம் கீதான்னு பாக்கணும். நான் பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டேன். ரேடியோவுல அவரு தமிழ்ல பேசனாரு, மல்லாட்டை நனையுதுன்னு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சிக்கினேன். அப்பவே திருப்பிக் கூப்ட்டிருந்தா வந்திருப்பாரு."

அவர் முகத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மல்லாட்டைன்னா சொன்னான்?"

"ஆமா. சாக்கு எடுத்தாந்து மூடச் சொன்னாரு."

"அவன் தொட வுட்டிருக்க மாட்டானே."

"வுடாதவங்கள அனுப்பக் கூடாதுன்னுதான் ரூலு. நான் அனுப்பிட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். "இத்தச் சொல்ல இத்தினி வருசமா ஒனக்கு?" என்றார். எழுந்து போகச் சொல்வார் என்று செருப்பைத் தேடினேன். திரும்பவும் இருமல் வந்து அவரை மடக்கியது. அது அடங்கியதும் பலகையைக் காட்டினார்.

"அத்த எடு. பிரி."

பிரித்தேன். ஈரச் சட்டையைக் கழற்றச் சொன்னேன், துண்டால் முதுகைத் துடைத்தேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. சாம்பல் நிறக் கம்பளியைத் தலை வழியாக மாட்டிவிட்டேன். தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"தொடலாமா பெரிப்பா?" என்று கேட்டேன்.

எதற்கு என்று கேட்காமல் தலையைக் குனிந்தார். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டேன். தலைமுடியிலிருந்து வடிந்த தண்ணீர் அங்கே நின்றிருந்தது. துண்டை எடுத்துத் தலையை ஒற்றித் துடைத்துவிட்டு, நிமிர்ந்துகொள்ளலாம் என்றேன். அவர் நிமிரவில்லை.

"இன்னொரு தரம் பாரு" என்றார்.